தேடலும் தெளிதலும்: இணையவழி ஆய்வுக்குக் கருவி தேர்தல்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

நூலுக்கென்றே திருநாள் கண்ட சமயம் சமணம். திகம்பரர் சுருத பஞ்சமி என்றும், சுவேதாம்பரர் ஞான பஞ்சமி என்றும் வெவ்வேறு திங்களில் அந்நாளைப் போற்றுவர். ஏடுகளை எடுத்துத் தூசு துடைத்து, புதுத் துணியில் பொதிந்து வழிபடும் நாள் அது. கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம் நெஞ்சில் நின்ற ஆகமப் பகுதி தம்மோடு மறைந்துவிடலாகாது என்று கவன்றார். புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவரை வருவித்துக் கற்பித்தார். அவ்விருவரும் அதனை ஷட்கண்டாகமம் என்னும் நூலாக எழுதி நிறைவேற்றிய நாளே சுருத பஞ்சமி என்பது மரபு. அவருள் பூதபலி தமிழ்நிலம் நோக்கி வந்தார் என்றும் அம்மரபு கூறும்.

அந்நூலுக்கு வீரசேனர் 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய தவளா என்னும் பேருரையின் ஏடுகள், கருநாடகத்து மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் பூட்டிக் காக்கப்பெற்றன. 1939ஆம் ஆண்டில்தான் ஹீராலால் ஜெயின் அவர்களின் பதிப்பாக அதன் முதல் தொகுதி அச்சேறியது. அவ்வாறு அரிதிற் காக்கப்பெற்ற நூலின் பக்கங்களை இன்று பள்ளி மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் திறந்து காண இயலும். நூல் கிடைக்காமையே முன்னோரின் இடர். கிடைக்கும் பல்லாயிரம் பக்கங்களுள் எது நம்பத்தக்கது, அதனை எங்கே தேடுவது என்று அறியாமையே இக்காலத்தின் இடர். அதற்குரிய வழிகளை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு கேள்வி

கருத்து விளங்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. இராஜபாளையத்தில் மேல்நிலை வகுப்புப் பயிலும் ஒரு மாணவி, பள்ளிக் கட்டுரைப் போட்டிக்காகக் கழுகுமலையைப் பற்றி எழுத விரும்புகிறாள் எனக் கொள்வோர் கொள்க. சங்கரன்கோவில் வழியே சென்றால் எளிதில் அடையக்கூடிய மலை அது. பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. ‘இம்மலையில் பெண்களும் ஆசிரியராக இருந்தனராமே, உண்மையா?’ என்று அவள் வீட்டுப் பாட்டி கேட்கிறார். மாணவியின் கையில் கைப்பேசி உள்ளது. அவள் எங்கே தொடங்குவாள்?

ஐயமின்றிப் பொதுத் தேடுபொறியில் தொடங்குவாள். அதில் பிழையில்லை. அங்கேயே முடித்துவிடுவதில்தான் பிழை உள்ளது.

தேடுபொறி காண்பதும் காணாததும்

கூகுள் 1998இலும், டக்டக்கோ 2008இலும், பிங் 2009இலும் தோன்றின. இத்தகைய தேடுபொறிகள், கேள்வி எழுந்த பின்னர் உலகமெங்கும் ஓடித் தேடுவதில்லை. வலைப்பக்கங்களை முன்னரே படித்து, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்று ஒரு பெரும் சொல்லடைவு அமைத்து வைத்துள்ளன. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் புரட்டுவது போன்றதே தேடல். சொல்லடைவில் ஏறாத பக்கம், எத்துணைச் சிறந்ததாயினும், தேடுவோர்க்கு இல்லாததே ஆகும்.

ஏறாதவை பல. அச்சு நூலைப் படமாக எடுத்து வைத்திருப்பின், அப்படத்தை எழுத்தாக மாற்றினால் ஒழியத் தேடுபொறிக்கு அது வெறும் படமே. படத்தை எழுத்தாக்கும் மென்பொருளோ, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட தமிழ் அச்சில் தடுமாறும். பழைய ணை, லை, றா போன்ற வடிவங்களை வேறெழுத்தாகக் கொண்டுவிடும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தனித்தனி எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்களும் தமிழாகத் தோன்றா. சில ஆய்விதழ்கள் உறுப்பினருக்கு மட்டுமே கதவு திறக்கும். ஆகவே, ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பது ‘இல்லை’ என்பதற்குச் சான்றாகாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. முதலில் நிற்கும் விடை முதன்மையான விடை என்பதற்கு உறுதியில்லை. பிற பக்கங்கள் எவ்வளவு சுட்டுகின்றன, மக்கள் எதனை மிகுதியாகத் திறக்கின்றனர், தேடுவோர் எவ்வூரில் உள்ளார் என்பன போன்ற பல கூறுகளைக் கணக்கிட்டே வரிசை அமைகிறது. விளம்பரமும் இடையே நுழையும். ஒருவருடைய முந்தைய தேடல்களை நினைவிற்கொண்டு விடைகளை மாற்றியமைப்பதும் உண்டு. டக்டக்கோ போன்றவை தேடுவோரின் வரலாற்றைத் தொகுத்து வைப்பதில்லை என்று உறுதி கூறுகின்றன. ஒரே கேள்வியை இரண்டு பொறிகளில் இட்டு ஒப்பிட்டால், ஒன்று மறைத்ததை மற்றொன்று காட்டுவதைக் காணலாம்.

சமண அளவை நூலார் ‘நயம்’ என்றொரு கருத்தை விளக்குவர். பொருளின் எண்ணிறந்த தன்மைகளுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு உரைக்கும் பார்வை நயம். அது பொய்யன்று, ஆயினும் முழுமையன்று. அவ்வொரு பார்வையையே முழு உண்மை எனச் சாதித்துப் பிறவற்றை மறுப்பின் அது துர்நயம். இணையத் தேடலுக்கு இதனினும் ஏற்ற இலக்கணம் இல்லை. ஒவ்வொரு தேடுகருவியும் ஒரு நயம். அதன் எல்லை அறிந்து பயன்படுத்துவது அறிவு. ஒன்றையே நம்பி முடிவு கட்டுவது துர்நயம்.

சொல்லைத் தேர்தல்

கருவியைத் தேர்வதற்கு முன் சொல்லைத் தேர்தல் வேண்டும். ‘கழுகுமலை பெண் ஆசிரியர் பள்ளி’ என்று மாணவி தேடினால், அவ்வூரில் இன்று இயங்கும் பள்ளிகளும் ஆசிரியர் பணியிட அறிவிப்புகளும் வந்து குவியும். பழந்தமிழில் பள்ளி என்பது துறவியர் உறைவிடம் என்பதைப் பொறி அறியாது. கல்வெட்டுகள் பெண் ஆசிரியரைக் குரத்தி, குரத்தியார், குரத்திகள் என்று வழங்குகின்றன. குரவர் என்னும் சொல்லின் பெண்பால் அது. இச்சொல்லை இட்டாலோ, எழுத்துப்பிழை எனக் கருதிக் குறவஞ்சி நாடகத்துக் குறத்தியைப் பொறி முன்னிறுத்தக் கூடும். இடையின ரகரத்திற்கும் வல்லின றகரத்திற்கும் இடையே ஒரு வரலாறே மறைந்துபோகும். சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால், ‘இவ்வடிவத்தையே தேடுக’ என்று பொறியைக் கட்டுப்படுத்தலாம். வேண்டாத சொல்லின் முன் கழித்தற்குறி இட்டு அதனை விலக்கலாம்.

சமயத்தின் பெயரே பல வடிவங்களில் வழங்குகிறது. சமணம், ஜைனம், சைனம், ஆருகதம், அமண் என்பன ஒரு பொருளன. நிகண்டன், நிர்க்கந்தன் என்றும் பழநூல்கள் கூறும். ஒன்றை மட்டும் இட்டவர்க்கு மற்றவை கிட்டா. அருகர் என்று தேடுவோர்க்கு ‘அருகில்’ உள்ள உணவகங்கள் தோன்றினால் வியப்பதற்கில்லை. இனி, பாண்டி நாட்டு மக்கள் சமணர் குகைகளைப் பல ஊர்களில் பஞ்சபாண்டவர் மலை என்றும் பஞ்சபாண்டவர் படுக்கை என்றும் வழங்குவர். அப்பெயரைக் கொண்டு தேடாதவர், அவ்வூர்களின் சமணச் சின்னங்களைக் காணாமலே போவர்.

ஆங்கிலத்தில் தேடும்போதும் இவ்விடர் உண்டு. கழுகுமலையின் ழகரத்தை ‘எல்’ எழுத்தாலும் எழுதுவர். ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் இணைத்தும் எழுதுவர். ககரத்தை ‘ஜி’ என்பாரும் உளர். ‘கே’ என்பாரும் உளர். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதன் தகரமும், இராஜபாளையத்தின் ஐகாரமும் பலவாறு எழுதப்படும். ஆய்வாளர் பலர் ‘ஜெயின்’ என்னாது ‘ஜைன’ என்றே எழுதுவர். இவ்வடிவங்களையெல்லாம் ஒரு தாளில் முதலில் எழுதி வைத்துக்கொண்டு தேடத் தொடங்குவது நலம்.

தமிழுக்கே உரிய மற்றொரு நுட்பம் புணர்ச்சி. ‘சமணப்பள்ளி’, ‘சமணப் பள்ளி’, ‘சமணர் பள்ளி’ என்பன பொருளால் ஒன்றாயினும், மேற்கோள் குறிக்குள் இட்ட பொறிக்கு மூன்று வெவ்வேறு சரங்கள். மலை, மலையில், மலைக்கு, மலையின்கண் என வேற்றுமை உருபு ஏறுந்தோறும் சொல் மாறுகிறது. மகரம் கெடுதலும் வல்லெழுத்து மிகுதலும் தேடலுக்குள் வந்து நிற்கின்றன. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணத் துறவி. அவர் வகுத்த புணர்ச்சி விதிகளை மனனம் செய்யத் தயங்கும் மாணவர், அவ்விதிகள் கணிப்பொறியின் முன்னும் கைகொடுப்பதை அறிந்தால் மகிழ்வர்.

கேள்விக்கு ஏற்ற கருவி

சொற்கள் ஆயத்தமான பின், கேள்வியின் இயல்பை நோக்கிக் கருவியைக் கொள்ளல் வேண்டும்.

நூலின் மூலம் வேண்டுவோர், மூலம் தொகுத்த தளங்களுக்கு நேரே செல்வது தக்கது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் ஏற்றிய தமிழ் நூல்களை இலவசமாக வழங்குகிறது. 2001இல் தமிழக அரசு தொடங்கிய, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் நூலகத்தில், இலக்கியங்கள் பல உரையுடன் கிடைக்கின்றன. அதன் மின்னூலகத்தில் அச்சு நூல்களின் படங்களும் உள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலை இளைஞர் ஒவ்வொருவரும் இணையத்தில் தேடிப் படித்தல் வேண்டும். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை.

சொல்லின் பொருள் வேண்டுவோர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அநுபந்தமாகவும் வெளிவந்தது அது. சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதனைச் சொல்வாரியாகத் தேடலாம். பொதுத் தேடுபொறி தரும் பொருளைக் காட்டிலும், மேற்கோளிடம் சுட்டும் இவ்வகராதி தரும் பொருள் ஆய்வுக்கு ஏற்றது.

பழைய அச்சு நூல் வேண்டுவோர், 1996இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற இணைய ஆவணக் காப்பகத்தை நாடலாம். அங்கே இருவகைத் தேடல் உண்டு. நூற்பெயர், ஆசிரியர் ஆகியவற்றை மட்டும் பார்ப்பது ஒன்று. நூலின் உள்ளே உள்ள சொற்களையும் பார்ப்பது மற்றொன்று. பலர் முன்னதோடு நின்றுவிடுகின்றனர். அழிந்துபோன வலைப்பக்கங்களின் பழைய படிகளையும் அக்காப்பகம் 2001 முதல் பொதுமக்களுக்குக் காட்டி வருகிறது. சமண நூல்களையே தொகுத்த ஜெயின் மின்னூலகமும் உண்டு. அதில் பிராகிருதம், வடமொழி, குசராத்தி, இந்தி, ஆங்கில நூல்கள் மிகுதி.

ஆய்வுக் கட்டுரை வேண்டுவோர்க்குக் கூகுள் நிறுவனம் 2004இல் தொடங்கிய ‘ஸ்காலர்’ என்னும் தனித்தேடல் ஏற்றது. ஒரு கட்டுரையை எவரெவர் பின்னர் மேற்கோள் காட்டினர் என்பதையும் அது காட்டும். அவ்விழையைப் பற்றிச் சென்றால் அண்மைய ஆய்வு வரை அடையலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்னும் தளத்தில் வைக்கப்படுகின்றன. தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அங்கே உள. பொதுத் தேடுபொறி இவற்றை அரிதாகவே முன்வரிசையில் நிறுத்தும்.

இனி, அம்மாணவியின் கேள்விக்குத் திரும்பலாம். அவள் தேடுவது கல்வெட்டுச் செய்தி. எனவே கல்வெட்டுத் தொகுப்பே அவளுக்குரிய கருவி. இந்தியத் தொல்லியல் துறையின் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் ஐந்தாம் தொகுதி கழுகுமலைக் கல்வெட்டுகளைத் தாங்கியுள்ளது. அதனைத் திறந்தால், குரத்தியார் பலர் அங்கே உருவங்கள் செய்வித்த செய்தி கல்லின் சொல்லாகவே கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் என்று இன்று வழங்கும் திருச்சாரணத்துக் குரத்திகளும் அவர்களுள் உளர். அவர்தம் மாணாக்கியரும் மாணாக்கரும் பெயர் சுட்டப்படுகின்றனர். இதன்பின் ஆய்வுத் தேடலுக்குள் சென்றால், கனடா நாட்டுப் பேராசிரியர் லெஸ்லி ஆர், இடைக்காலத் தமிழகத்துச் சமண, இந்து சமயப் பெண்டிரை ஒப்பிட்டு எழுதி 1998இல் ஒரு தொகுப்பு நூலில் வெளியிட்ட கட்டுரையும் கண்ணிற்படும். ‘ஆம் பாட்டி, இருந்தார்கள், இன்னின்ன கல்வெட்டில் இன்னவாறு உள்ளது’ என்று அம்மாணவி சொல்லலாம். அவ்விடைக்கும், ‘எங்கோ படித்தேன்’ என்னும் விடைக்கும் உள்ள தொலைவே ஆய்வு.

உரத்த விடையும் உற்ற விடையும்

கழுகுமலை என்று தேடுவோர்முன் வேறொரு செய்தியும் வந்து நிற்கும். சமணர் எண்ணாயிரவர் மதுரையில் கழுவேற்றப்பட்டனர் என்பது அது. சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் இக்கேள்வியை வகுப்பறையில் எதிர்கொள்ள நேரும். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் எதிர்கொள்வர். காணொளிகளில் இச்செய்தி உரத்த குரலில் பேசப்படுகிறது. ஒரு சாரார் முழுவதும் நடந்தது என்று சினமூட்டுவர். மற்றொரு சாரார் எதிர்த்து இழித்துரைப்பர். சினம் மிகுந்த பக்கமே மிகுதியாகத் திறக்கப்படும். மிகுதியாகத் திறக்கப்படுவதே மேலே ஏறும்.

இவ்விடத்தில்தான் கருவி தேர்தல் ஓர் அறச்செயலாகிறது. கேள்வியைப் பகுத்துக் கேட்டல் வேண்டும். இதனைக் கூறுவது எந்நூல்? அந்நூல் எக்காலத்தது? அக்காலத்துக் கல்வெட்டு ஏதேனும் உண்டா? இதனை விரித்துரைக்கும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டது. திருஞானசம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. இடைவெளி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதனைக் கூறவில்லை. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி இதனை வரலாற்று நிகழ்ச்சியாக ஏற்கவில்லை. கழுகுமலையின் கற்களோ, அதற்குப் பின்னைய 8, 9ஆம் நூற்றாண்டுகளிலும் பாண்டிய நாட்டில் சமணம் செழித்திருந்ததையும், பல ஊரார் வந்து திருவுருவம் செய்வித்ததையும் தெளிவுறக் காட்டுகின்றன. அதே மலையில் பாண்டியர் குடைவித்த வெட்டுவான் கோயில் உள்ளது. அடிவாரத்தில் முருகன் கோயில் உள்ளது.

இவ்வளவே சான்று சொல்வது. இதற்கு மேல், சமயங்களிடையே பூசல் இருந்ததேயில்லை என்று சொல்வதும் பிழை. தேவாரப் பாடல்களில் சமணரைக் கடிந்துரைக்கும் இடங்கள் உண்டு. ஆயினும் இலக்கியத்தின் கடுஞ்சொல் வேறு. கொலைக்குச் சான்று வேறு. ‘கிடைத்த சான்றின்படி இவ்வாறு’ என்று எல்லை கட்டிச் சொல்லுதலே ‘சியாத்’ என்னும் சொல்லால் சமணம் பயிற்றுவித்த மொழி. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும், பல சமயத்தார் ஒரே தெருவில் வாழும் இராஜபாளையத்திலும், பிள்ளைகள் அம்மொழியில் பேசப் பழகுவது இரு சமயத்தார்க்கும் நன்மை. சொல்லாலும் பிறரைப் புண்படுத்தாமை அகிம்சையின் கூறு. சரிபாராமல் ஒரு செய்தியைக் கைப்பேசி வழியே பலருக்கு அனுப்புவது அவ்வகிம்சைக்கு மாறு.

பேசும் பொறி

2022ஆம் ஆண்டு இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், தேடாமலே விடை பெறும் வழக்கம் பரவிவருகிறது. கேட்டவுடன் அழகிய நடையில் விடை வருவதால், அதுவே முடிந்த முடிபு என்று மாணவர் எண்ணுகின்றனர். இச்செயற்கை நுண்ணறிவுப் பொறிகள், படித்த பெருந்தொகையான உரைகளிலிருந்து, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரத்தகும் என்று கணித்து வாக்கியம் அமைப்பவை. பொருத்தமாகத் தோன்றுவதை அவை எழுதும். தோன்றுவதெல்லாம் உண்மையாதல் இல்லை. இல்லாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்க எண்ணும் படைத்துக் காட்டுவதும் உண்டு. தமிழ்ச் சமண நூல்களைப் பற்றி இணையத்தில் உள்ள உரை குறைவாதலின், அங்கே இப்பிழை நேர வாய்ப்பு மிகுதி.

அதற்காக அவற்றை முற்றும் விலக்க வேண்டுவதில்லை. எச்சொற்களால் தேடலாம், எவ்வெழுத்து வடிவங்கள் உண்டு, ஆங்கிலக் கட்டுரையின் சாரம் யாது என்று கேட்பதற்கு அவை பயன்படும். அவை சுட்டும் நூலை நேரே திறந்து, அப்பக்கத்தில் அச்செய்தி உள்ளதா என்று கண்ணாற் கண்ட பின்னரே எழுதுதல் வேண்டும். வழிகாட்டியாகக் கொள்ளலாம், சாட்சியாகக் கொள்ளலாகாது.

விக்கிப்பீடியாவுக்கும் இதுவே விதி. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா, ஒரு பொருளைப் பற்றி முதலறிவு பெற ஏற்றது. கட்டுரையின் அடியில் உள்ள சான்றுப் பட்டியலே அதன் பெருஞ்செல்வம். அங்கிருந்து மூலநூலுக்குச் செல்வதே முறை.

ஊரில் உள்ள கருவிகள்

இணையத்தைப் பற்றிப் பேசும்போது, கைக்கெட்டும் தொலைவில் உள்ளதை மறத்தல் தகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பென்னிங்டன் நூலகம், அக்காலத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் பெயரைத் தாங்கி, நூற்றாண்டு கடந்தும் நிலவுகிறது. இராஜபாளையத்தில், சென்னை மாகாணத்தின் முதல்வராக விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே வழங்கி உருவாக்கிய காந்தி கலை மன்றம் உள்ளது. இணையத்தில் படமாகக்கூட ஏறாத நூல்கள் இத்தகைய இடங்களின் அலமாரிகளில் இருக்கக்கூடும். நூலகரிடம் ஒரு கேள்வி கேட்பது, பத்துப் பக்கத் தேடல் விடைகளைப் புரட்டுவதினும் பயன் தருவதுண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும், கன்னிமாரா நூலகத்தின் பட்டியலையும் வீட்டிலிருந்தே பார்த்து, நூல் உள்ளதை உறுதி செய்துகொண்டு பயணம் செல்லலாம்.

மக்களும் தேடுகருவியே. 1880இல் கும்பகோணத்தில், சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, உ. வே. சாமிநாதையர் அந்நூலைக் கற்றிருக்கவில்லை. ஏட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கியபோது சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. அவர் என் செய்தார்? அவ்வூரில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே அந்நூல் புராணமாக, பத்தியோடு படிக்கப்பட்டு வந்ததைக் கண்டார். ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். பல ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு ஒரு நயம். உரை ஒரு நயம். வழிவழி வந்த இல்லத்தாரின் அறிவு மற்றொரு நயம். அனைத்தையும் ஒருங்குவைத்தமையால் ஒரு காப்பியம் மீண்டது. சைவ மடத்தில் பயின்ற ஓர் அந்தணர், சமணர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சமணக் காப்பியம் கற்றதும், அவ்வில்லத்தார் மனமுவந்து கற்பித்ததும் இன்றைய தலைமுறை நினைக்கத்தக்கவை.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள்

தேடுவோர் இருந்தால் மட்டும் போதாது. தேடினால் கிடைக்குமாறு வைப்போரும் வேண்டும். முன்னோர் ஞான பண்டாரம் அமைத்தனர். செஞ்சிப் பகுதியில் மேல்சித்தாமூர் மடம் இன்றும் ஏடுகளைக் காத்துவருகிறது. இவ்வூர்களின் சமணக் குடும்பங்களில் பழைய விழா மலர்கள், பூசை நூல்கள், கையெழுத்துக் குறிப்பேடுகள், பழைய நிழற்படங்கள் இருக்கும். அவை கரையானுக்கும் பழைய தாள் வாங்குவோர்க்கும் போகாமல், படமெடுத்து இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றப்பட வேண்டும். ஏற்றும்போது நூற்பெயர், ஊர், ஆண்டு, ஆசிரியர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுமையாக எழுதுதல் வேண்டும். வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பு, பெயரெழுதாத ஏட்டுக்கட்டைப் போன்றது, இருந்தும் இல்லாததே. அம்மலர்களின் அச்சுப் படியொன்றைப் பென்னிங்டன் நூலகத்திற்கும் காந்தி கலை மன்றத்திற்கும் வழங்கினால், மின்சாரமின்றியும் அவை வாழும்.

ஆண்டுதோறும் சுருத பஞ்சமியன்றோ ஞான பஞ்சமியன்றோ, மாணவரைக் கொண்டு ஒரு கேள்வியை ஆராயச் செய்யலாம். விடைக்குப் பரிசு தருவதைக் காட்டிலும், விடை எந்நூலின் எப்பக்கத்தில் உள்ளது, எக்கருவிகளால் தேடப்பட்டது, எங்கே ஐயம் எஞ்சியது என்று எழுதிக் காட்டுவோர்க்குப் பரிசு தருதல் சிறப்பு. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஞானத்திற்கு இருபுறமும் காட்சியும் ஒழுக்கமும் நிற்கின்றன. காணும் முறை செம்மையாகவும், கண்டதைப் பிறர்க்கு உரைக்கும் முறை நேர்மையாகவும் அமைந்தாலன்றி அறிவு தனித்து நில்லாது.

கழுகுமலைக் கல்லில் தம் பெயரையும் ஊரையும் பொறித்த குரத்தியர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கும்படி அதனை எழுதுவித்தனர். அதனைச் சரியாகப் படித்தறியும் பொறுப்பு அவையில் அமர்ந்திருக்கும் இளைஞர் கையில் உள்ளது. வரும் விடுமுறையில் பெற்றோர் தம் பிள்ளைகளை அம்மலைக்கு ஒருமுறை அழைத்துச் செல்க. செல்லுமுன் கல்வெட்டுத் தொகுதியைத் திறந்து நான்கு பெயர்களையேனும் எழுதிக்கொண்டு செல்க. கல்லின்முன் நின்று அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க.

 உயிர்கள் அனைத்தும் இன்புறுக.